திருப்பி அனுப்பியது யார்?

புதுமைப்பித்தனைத் தமிழகம் காசநோய்க்குப் பறிகொடுத்தது 1948ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 42. காசத்தைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மருந்து உலகில் இருந்தது. இந்நாட்டு எளியவர்களின் படுக்கையருகே அது வந்து சேரவில்லை. மருந்து இருப்பது வேறு. அது நோயாளியைச் சேர்வது வேறு.

இன்றும் உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். 2025க்குள் நோயை ஒழிப்போம் என்று அரசு குறித்த கெடுவும் கடந்துவிட்டது. ஏன் ஒழியவில்லை என்று கேட்டால், நம்மில் படித்தவர்களிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு. "மக்களுக்கு அறிவு போதாது, இருமினால் மருத்துவரிடம் போகமாட்டார்கள், போனாலும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்." வசதியான விடைதான்! பழி முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்துவிடுகிறது. ஆனால் அது உண்மையா?

நண்பர்களே, இதற்கு மறுமொழி தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாம் பயிலும் இதே பெங்களூரில், பல்லாரிச் சாலையில், தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1959இல் அமைக்கப்பட்டு, 1960இல் நேருவால் திறந்துவைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் பக்கத்துத் தும்கூர் மாவட்டத்தில் காசநோய் கண்டவர்களை விசாரித்து, 1963இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் கோளாறு இருப்பதை உணர்ந்தே இருந்தார்கள். பாதிப்பேர் தாமாகவே மருத்துவம் தேடிச் சென்றும் இருந்தார்கள். சென்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலோருக்கு ஒரு புட்டி இருமல் மருந்து!

நோயாளி வந்தான், மருத்துவம் அவனைத் திருப்பி அனுப்பியது. அறியாமை மேசையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சென்னை இன்னொரு பாடத்தைத் தந்தது. 1956இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மறுபகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். முடிவு 1959இல் வெளியாயிற்று. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரியத்தாரைப் போலவே வீட்டிலிருந்தவர்களும் தேறினார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே இந்த முடிவை ஏற்றுக்கொண்டது. படுக்கைக்காகக் காத்துக் கிடக்கும் கொடுமை நீங்கியது. ஆனால் ஒரு புதிய கடமையும் பிறந்தது. நோயாளி வீட்டிலிருந்தால், மருந்து மாதந்தோறும் தவறாமல் அவனைத் தேடிப் போகவேண்டும் அல்லவா?

அந்தக் கடமையில்தான் நாம் சறுக்கினோம். எந்தச் சாதாரண மருத்துவ நிலையத்திலும் சளியைச் சோதித்து இலவச மருந்து கொடுக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது. 1992இல் அதைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, பணமும் மருந்தும் போதவில்லை, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. 1997இல் திட்டம் திருத்தப்பட்டது. பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆயினும் 2024இல் பல மாநிலங்களில் காசமருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதவேண்டியதாயிற்று. ஒருநாளும் விடாதே என்று நோயாளிக்கு உபதேசம் செய்பவர்கள், தாங்களும் ஒருநாளும் விடாமல் மருந்து கொடுக்கவேண்டாமா?

மருந்தை இடையில் விடுபவர்கள் இல்லவே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. ஏன் விடுகிறார்கள் என்றே கேட்கிறேன். சாதாரணக் காசத்துக்குச் சிகிச்சை ஆறு மாதம். நம் பெங்களூரில் கட்டடவேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளிக்கு ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை உறுதியா? மருந்து வாங்கப் போனால் ஒருநாள் கூலி போகிறது. தாதி கன்னடத்தில் சொல்வது பாதி புரிகிறது. சத்துணவுக்கென அரசு தரும் மாத உதவி 2018இல் 500 ரூபாய்; 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அதுவும் வங்கிக் கணக்கு இருந்தால்தான் கைக்கு வரும். இத்தனை வேலிகளையும் தாண்டாதவனைப் பொறுப்பற்றவன் என்பது நியாயமா?

வழி இல்லாமல் இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' புதிதாக எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. நோய் தெரிந்தவுடனே நோயாளியின் எடையைப் பார், மூச்சைப் பார், தானாக எழுந்து நிற்கிறானா பார், மோசமாக இருப்பவனை உடனே மருத்துவமனையில் சேர். இவ்வளவுதான்! காசத்தால் சாகிறவர்களில் பலர் முதல் இரண்டு மாதங்களிலேயே சாகிறார்கள் என்பதை உணர்ந்து, முதல் நாளே விழித்துக்கொண்ட ஏற்பாடு அது.

மாணவர்களாகிய நாம் மருந்து வாங்கும் அதிகாரிகள் அல்லோம். ஆனால் நம் விடுதிச் சமையற்கட்டிலும், வளாகத்தில் எழும் கட்டடங்களிலும் தமிழ் பேசும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருமினால், கன்னடம் தெரிந்த நம்மில் ஒருவர் அவருடன் அரசு மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். இருமல் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால், பணிவாக, ஆனால் நகராமல் நின்று, ஒரே கேள்வி கேட்கலாம்: "ஐயா, சளியைச் சோதித்தீர்களா?"

தும்கூர் நோயாளிகளுக்காக அன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. இன்று நாம் இருக்கிறோம்.