டிராக்டர் நோட்டும் ரங்கூன் நோட்டும்

செம்பூர் சேடா நகரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கும் மாமாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஒரு மருந்து கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட ஏமாற மாட்டார் என்று பெயர். சமீபத்தில் ஒரு மாலை கதவைத் தட்டி, "ஏம்ப்பா, ரிசர்வ் பாங்க்ல உனக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் ஐந்து லட்சம் கிடைக்கும் என்று செல்போனில் ஒரு விளம்பரம். மாமாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. படம் எடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் என்றார்கள். பிறகு ஜி.எஸ்.டி. என்றார்கள். கடைசியாக 'ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்' என்று சொல்லி, முத்திரையோடு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். மூன்று தவணைகளில் பதினெட்டாயிரம் ரூபாய் போன பிறகு அந்த போன் அணைந்துவிட்டது.

இந்த மோசடி புதிதல்ல. 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, இதற்காகக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். மாமாவை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வைத்தோம். பணம் வருமா என்பது வேறு விஷயம். அவருக்குப் பணத்தைவிட வருத்தம் தந்தது இன்னொன்று. "நோட்டு நிஜமாவே பழசுதானே? அதுல பொய் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பழசுதான். ஆனால் பழையது என்பதற்காக எதுவும் அபூர்வமாகிவிடாது. டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. பழைய டிரங்குப் பெட்டிகளிலும் பைபிள், பகவத் கீதை பக்கங்களுக்கு நடுவிலும் இன்றும் ஏராளமாக இருக்கிறது. சட்டப்படி அது இன்னும் செல்லும், ஐந்து ரூபாய்க்கு. எத்தனை அச்சாயிற்று என்பதைவிட எத்தனை மிஞ்சியது என்பதையே நோட்டு சேகரிப்பவர்கள் பார்க்கிறார்கள். அடுத்து அதன் நிலை. மடிப்பே விழாத நோட்டுக்கும் நான்காக மடித்துப் பர்ஸில் கிடந்த நோட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மிஞ்சாமல் போவதற்குத்தான் எத்தனை காரணங்கள்! 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்துக்குப் பிறகு நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்தக் காலத்து நோட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே அச்சு இருக்கும். தபாலில் பணம் அனுப்ப வியாபாரிகளுக்குப் பயம். எனவே நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது பத்திரமாகச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறு பாதி கிளம்பும். இரண்டு பாதிகளிலும் ஒரே எண் இருக்கும், ஒட்டினால் பணம். இன்று சேகரிப்பாளர்களிடம் வரும் அந்தக் கால நோட்டுகள் சில இப்படி ஒட்டியவையே. நம் ஓ.டி.பி.யின் கொள்ளுத் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

முதல் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடு வந்தது. ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி போதாமல், 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்க் காகித நோட்டு பிறந்தது. அதைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்தது. இந்த 'இரண்டரை ரூபாய்' நோட்டு சீக்கிரமே மறைந்துபோனது. இன்று அதை வைத்திருப்பவர் அதிருஷ்டசாலி.

நாசிக்கில் நோட்டு அச்சடிக்கத் தொடங்கியது 1928இல்தான். அதுவரை இந்திய நோட்டுகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அப்படி லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட எஸ்.எஸ். ஷிராலா என்ற கப்பலை 1918 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நோட்டுக் கட்டுகள் இங்கிலாந்துக் கரையில் ஒதுங்கின. பெரும்பாலானவற்றை அதிகாரிகள் சேகரித்து அழித்துவிட்டார்கள். தப்பிய இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024 மே மாதம் லண்டனில் நூனன்ஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. பம்பாய் வந்து சேர்ந்திருந்தால் அவை யாரோ ஒருவரின் சம்பளமாகிக் கிழிந்துபோயிருக்கும்.

சில நோட்டுகளைச் சட்டம் கொன்றது. 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள். 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000. 2016 நவம்பர் 8 இரவு நடந்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தப் பழைய 500, 1,000 நோட்டுகளை ஞாபகார்த்தமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2017இல் வந்த சட்டப்படி ஒருவர் பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது.

எல்லைகள் மாறியதாலும் நோட்டுகள் அபூர்வமாயின. 1937இல் பர்மா தனியே பிரிந்தபோது, 'பர்மாவில் மட்டுமே செல்லும்' என்று இந்திய நோட்டுகளின் மேல் அச்சிட்டார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் சில மாதங்கள் நம் ரிசர்வ் வங்கியே பாகிஸ்தானுக்கும் மத்திய வங்கியாக இருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட, நாசிக்கில் அச்சான நோட்டுகளின் மேல் 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் பொறித்து, 1948 ஏப்ரலில் அங்கே புழக்கத்துக்கு விட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 30உடன் அந்த ஏற்பாடு முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் செம்பூர் கேம்ப், அதே பிரிவினையில் சிந்துவைவிட்டு வந்தவர்கள் குடியேறிய இடம். ஆட்களும் நோட்டுகளும் ஒரே காரணத்தால் இடம் மாறிய காலம் அது.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொண்டிருந்தேன். பர்மா என்றதும் எழுந்து உள்ளே போனார். டிராக்டர் நோட்டு இருந்த அதே தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அடியில் பழைய ரேஷன் கார்டு, மாமியின் பள்ளிச் சான்றிதழ், அதற்கும் கீழே ஒரு கவர். கவருக்குள் நாலாக மடித்த ஒரு பத்து ரூபாய் நோட்டு. 'ஜப்பான் அரசு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஓரத்தில் ஒரு புத்தக் கோயில். 'பி' என்று தொடங்கும் எழுத்துகள். வரிசை எண் இல்லை.

மாமாவின் அப்பா ரங்கூனில் ஒரு மரக் கடையில் கணக்கு எழுதியவர். 1942இல் லட்சக்கணக்கானோர் கால்நடையாகக் கிளம்பியபோது அவர் கிளம்பவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் இந்த நோட்டுகளில்தான் சம்பளம். 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் இவை செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதம். மலேயாவில் வாழை மரம் போட்ட ஜப்பானிய நோட்டு வைத்திருந்த தமிழர்களுக்கும் அதே கதிதான். அப்பா கப்பலேறி ஊருக்கு வந்தபோது மிச்சமெல்லாம் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாராம். ஏன் என்று அவர் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

"இதுக்கு என்ன விலை வரும்?" என்றார் மாமா. உண்மையைச் சொன்னேன். ஜப்பான்காரர்கள் இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ளியதால் இதுவும் சந்தையில் அபூர்வம் இல்லை. இந்த மடிப்புகளோடு சில நூறு ரூபாய் கிடைத்தால் அதிகம். ஆனால் அவர் அப்பா பர்மாவில் வாழ்ந்தார் என்பதற்கு அந்த வீட்டில் வேறு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. லட்சங்கள் என்று நம்பிய நோட்டு ஐந்து ரூபாய். யாரும் போன் செய்து கேட்காத இந்த நோட்டு அவர் குடும்பத்தின் சரித்திரம்.

ஃபோர்ட்டில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. 2004இல் அப்துல் கலாம் திறந்து வைத்தது. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால் நடந்து போகும் தூரம்தான். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு நோட்டுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவற்றுக்கு அந்தக் குறிப்புதான் இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனவே உங்கள் வீட்டில் பழைய நோட்டு இருந்தால் செய்ய வேண்டியவை சில. செலோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேட் செய்யாதீர்கள். தண்ணீரில் கழுவி இஸ்திரி போடாதீர்கள். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். விற்பதானால் நேரில் பார்த்து, விசாரித்து விற்கலாம். வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடமே பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அது யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள்.

மாமா அன்றைக்கே எழுதினார். புதுக் கவரின் மேல், கணக்கருக்கே உரிய சின்னக் கையெழுத்தில், அப்பா பெயர், கடை, ரங்கூன், வருஷம். கடைசியில் 'மதிப்பு' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்.