டீக்கடை வரை யுபிஐ வந்தாச்சு... இன்னும் ஏன் செக் கேட்கிறார்கள்?

டீ குடித்தாலும் 'ஜிபே பண்ணிடவா?' என்று கேட்கும் காலம் இது. ஆனால் கைமாற்றுக் கடன், கடைக்கு மொத்தக் கொள்முதல் என்று வந்துவிட்டால், 'ஒரு செக் கொடுத்திடுங்க' என்கிறார்கள். ஏன்?

பணமா, வாக்குறுதியா?

2016ல் அறிமுகமான யுபிஐ, கணக்கில் இருக்கும் பணத்தை அந்த நொடியே அனுப்பும். பணம் இல்லையென்றால் போகாது, அவ்வளவுதான். காசோலை அப்படியல்ல. 'இந்தத் தேதியில் தருகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுத் தரும் வாக்குறுதி அது.

செக் பவுன்ஸ் ஆனால்?

கடனுக்காகக் கொடுத்த செக், கணக்கில் பணமில்லாமல் திரும்பினால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவு பாயும். வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு தொடரலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

'ஆட்டோ டெபிட்தானே, செக் இல்லையே' என்றும் இருந்துவிட முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து தவணை எடுக்க அனுமதி கொடுத்துவிட்டு, பணமில்லாமல் அது திரும்பினால், 2007ஆம் ஆண்டு சட்டப்படி அதுவும் குற்றம்.

'நாளைக்குப் பார்த்துக்கலாம்' இனி கிடையாது

செக் போட்டால் பாஸாக ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் பணத்தைப் புரட்டிவிடலாம் என்ற கணக்கு இனி செல்லாது. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குள் அனுப்பப்படும் செக்குக்கு, பணம் தர வேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும்.

எங்கே சிக்கல்?

கடன் வாங்கும்போது பலர் தொகை, தேதி எழுதாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். 'நான் எழுதலையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விருப்பத்துடன் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று செக்கும் கடனுக்காகவே தரப்பட்டதாகக் கருதப்படும் என 2019ல் உச்ச நீதிமன்றம் கூறியது. இல்லை என்று நிரூபிப்பது கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடனை மாதாமாதம் ஜிபேயில் அடைத்து முடித்திருப்பார்கள். செக் மட்டும் கடன் கொடுத்தவரிடமே கிடக்கும். அதில் பின்னால் ஒரு தேதியை எழுதி வங்கியில் போட்டால், வழக்கு வரை போகலாம்.

என்ன செய்யலாம்?

பெயர், தொகை, தேதி எழுதாமல் செக் கொடுக்காதீர்கள். செக் எண்ணைக் குறித்து வையுங்கள். ஜிபேயில் அடைக்கும்போது, எதற்கான பணம் என்று குறிப்பில் எழுதுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே, கொடுத்த செக்கைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.