வேலைக்கு மட்டுமா மொழி?

அயல்மொழி கற்கும் மாணவரின் நோக்கம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவின் மான்ட்ரீல் நகரில் பிரெஞ்சு கற்ற மாணவர்களை ஆராய்ந்த கார்ட்னர், லாம்பர்ட் என்னும் உளவியலாளர்கள், பயன் கருதிக் கற்போர், அம்மொழியினருடன் கலந்து பழக விரும்பிக் கற்போர் என இரு வகையினரை 1959-ல் இனங்கண்டனர். அடுத்த தெருவிலேயே பிரெஞ்சு ஒலிக்கும் ஊரில் இரண்டாம் நோக்கம் இயல்பானது.

தில்லி மாணவருக்கு ஜெர்மனியும் ஜப்பானும் அடுத்த தெருவல்ல. வேலையையும் மேற்படிப்பையும் எண்ணி அவர் மொழி கற்பதில் குற்றமில்லை. ஆனால், சந்தையை மட்டுமே நம்பும் மொழிக்கல்வி சந்தையோடு சரியும். 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும், இங்கே ரஷிய மொழிக்கு இருந்த ஈர்ப்பு மங்கியதே சான்று.

அரசும் இதே தவறைச் செய்கிறது. பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாக 2019-ம் ஆண்டின் கல்விக்கொள்கை வரைவில் இடம்பெற்ற சீனம், 2020-ல் வெளியான இறுதி வடிவில் இல்லை. கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த ஆண்டு அது. பகைமை மூளும்போதுதான் எதிர்த்தரப்பின் ஏடுகளை நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் தேவை.

1937-ல் சாந்திநிகேதனில் தாகூர் சீன பவனத்தைத் திறந்தது வேலைவாய்ப்புக்காக அன்று; இரு நாகரிகங்களின் உறவுக்காக. மொழிபெயர்ப்பு, ஆய்வுப் பணியிடங்களையும் மாணவர் பரிமாற்றத்துக்கான உதவித்தொகையையும் பெருக்கினால், பிழைப்புக்காகத் தொடங்கும் கல்வி புரிதலில் முடியும். அதைச் செய்ய வேண்டியது மத்திய அரசின் கடமை.