கீஸருக்குள் ஒரு பாறை

போன வாரம் எங்கள் வீட்டு கீஸர் உயிரை விட்டது. மெக்கானிக் காயிலைக் கழற்றிக் காட்டினார். அதன் மேல் கனமாக ஒரு வெள்ளைக் கல். "போர் தண்ணி சார். உப்பு பாறையாட்டம் வளர்ந்திருக்கு" என்று சொல்லி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

நிஜமான கீஸர்கள் பீறிடும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலும் இதே சமாசாரம்தான். என்ன, கொஞ்சம் பெரிய அளவில்! அங்கே மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம். பூமிக்கடியில் சுடுநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வந்ததும், மூடி திறந்த சோடா மாதிரி கரியமில வாயு பறந்துவிட, சுண்ணாம்பு படிந்து படிந்து வெள்ளை மாடிகளாக நிற்கிறது. பி.காம். படித்தவனுக்கே புரிகிற கெமிஸ்ட்ரி.

ஆனால் இதில் உயிருக்கும் பங்குண்டு என்று 1889-லேயே வால்டர் வீட் என்ற புவியியலாளர் எழுதிவிட்டார். இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆசாமிகள் மாமத் ஊற்றில் பாக்டீரியாவை ஃபில்டர் பண்ணி நீக்கிப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கல் படிகிற வேகம் குறைந்துவிட்டதாம்!

அங்கே முக்கியமான ஆசாமியின் பெயர் சல்ஃபியூரிஹைட்ரோஜெனிபியம். (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, எனக்கும்தான்.) 70 டிகிரி சுமாரில் கொதிக்கிற தண்ணீரில், கந்தகத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, வெந்த சேமியா மாதிரி இழை இழையாகத் தொங்கும். அந்த இழைகளின் மேல் சுண்ணாம்பு ஒட்டிக் கல்லாகிறது. பாக்டீரியா போன பிறகும் கல்லில் சேமியா வடிவம் அப்படியே நிற்கும்.

இங்கேதான் விஷயம் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறது. 2007-ல் ஸ்பிரிட் என்ற ஊர்தி, சுழலாமல் மக்கர் பண்ணிய முன் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனபோது, மண் கீறி வெள்ளையாக சிலிகா தெரிந்தது. பக்கத்திலேயே விரல் விரலாக சிலிகாக் கற்கள். சிலியில் எல் டாட்டியோ என்ற வெந்நீர் ஊற்றுப் பக்கம் அதே மாதிரி விரல்கள் இருப்பதை 2016-ல் ஒப்பிட்டுக் காட்டினார்கள். சிலியில் அவற்றை உருவாக்குவதில் நுண்ணுயிர்களுக்குக் கை உண்டு. செவ்வாயிலும் அப்படித்தானா, இல்லை எங்கள் கீஸர் மாதிரி வெறும் கெமிஸ்ட்ரியா என்பதுதான் கேள்வி. ஸ்பிரிட் 2010-ல் பேச்சை நிறுத்திவிட்டது.

காயிலில் இருந்து உதிர்ந்த கட்டி ஒன்றை மேஜை மேல் பத்திரமாக வைத்திருந்தேன். சாயங்காலம் காணோம். "அந்தக் குப்பையா?" என்றாள் மனைவி.