கரகரப்பிலும் ஓர் இனிமை

ஆடி மாதம் பிறந்துவிட்டால், தஞ்சை ஜில்லாவில் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்குத் தப்ப முடியாது. பாட்டு என்னவோ நல்ல பாட்டுத்தான். நம் காதில் விழுவது மட்டும் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்! ஆனால் சினிமாப் பாட்டில் எலெக்ட்ரிக் கிதார் வேண்டுமென்றே கரகரத்தால், தலையை ஆட்டி ரசிக்கிறோம். ஏன் இந்தப் பாரபட்சம்?

எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் எல்லை உண்டு. குமிழை அதற்கு மேல் திருகினால், ஒலி அலைகளின் முகடுகள் கத்தியால் சீவினாற்போல் தட்டையாகிவிடும். பாட்டில் இல்லாத உச்ச ஒலிகள் அதனால் பிறந்து காதைக் குடைகின்றன.

கிதார்க்காரர்கள் காலால் அழுத்தும் சில பெட்டிகளில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. டிரான்ஸ்கண்டக்டன்ஸ் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். 1969ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்த சி.ஏ. 3080 இந்த வகையில் பிரபலமானது. எல்.எம். 13700 என்ற சிப்பில் இப்படி இரண்டு சேர்ந்தே இருக்கின்றன.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் எத்தனை தண்ணீர் வந்தாலும், பலகையை எவ்வளவு தூக்கி வைத்தோம் என்பதுதானே கணக்கு? இந்தச் சிப்பில் ஒரு காலில் விடும் சிறு மின்னோட்டம்தான் பலகை. வெளியே வருவது அதைத் தாண்டாது. ஒரு வோல்ட்டில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள ஒலி, ஏறக்குறைய உள்ளபடியே வரும். அதற்கு மேல் ஏற ஏற, முகடுகள் மெள்ள மெள்ள மழுங்கும். வெட்டு இல்லாததால் கரகரப்பிலும் ஒரு குழைவு இருக்கிறது. அளவு மீறினால் இதுவும் கோயில் ஒலிபெருக்கி கதைதான்!

"இதெல்லாம் மேல்நாட்டு வேடிக்கை" என்று சொல்லும் பாட்டிமார்கள், பலா மரத்தில் கடைந்த தஞ்சாவூர்த் தம்புராவைச் சற்றுப் பார்க்க வேண்டும். குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூல் இருக்கிறதே, அது எதற்கு? தந்தி குதிரையை லேசாக உரசி உரசி அதிர்வதற்குத்தான். அந்த உரசலில்தான் மேல் ஸ்வரங்கள் பிறந்து ரீங்காரம் எழுகிறது. நூலை நகர்த்தினால் ஓரிடத்தில் நாதம் மங்கும், ஓரிடத்தில் இரையும், நடுவே மயிரிழை அளவு இடத்தில் உயிர் பெறும். அதற்கு 'ஜீவா' என்று பெயர் வைத்தவர் ரசிகராகத்தான் இருக்க வேண்டும்.

காவேரிக்கரைத் திருச்சியில் பிறந்த ஸர் சி.வி. ராமன், இதை 1921லேயே ஆராய்ந்து எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தில் அசையாதிருக்க வேண்டிய மேல் ஸ்வரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கணீரென்று ஒலிக்கின்றன என்று அவர் காட்டினார். காரணம் அந்தக் குதிரைதான்.

இன்று பல வீடுகளில் கைபேசியே ஸ்ருதி போடுகிறது. தம்புரா உறைக்குள் தூங்குகிறது. சரஸ்வதி பூஜையன்று மட்டும் சந்தனம், குங்குமம். கைபேசியில் ஸ்ருதி குறையாது, வாஸ்தவம். ஆனால் அந்த மயிரிழை இடத்தைத் தேடிப் பிடிக்கும் காது, தேடாமல் வருமா?

பாட்டுக் கற்கும் பெண் வீட்டில் இருந்தால், இந்த வாரம் உறையை அவிழ்த்துப் புது நூல் போடுங்கள். நீங்கள் சரி செய்து கொடுக்காதீர்கள். அவளே நகர்த்திப் பார்க்கட்டும். கோயில் தர்மகர்த்தா உங்களுக்குத் தெரிந்தவரானால், குமிழைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்!