ஸால்மன் ஈன்ற டிரௌட்

காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவதை நாம் அறிவோம். காக்கை அதை அடைகாத்து வளர்க்குமேயன்றித் தானே குயில் முட்டை இடுவதில்லை. அதற்கும் மேற்பட்டதோர் அதிசயத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் மீன்களிடம் நிகழ்த்திக் காட்டியிருக்கிறார்கள்.

மீனின் கரு வளரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே உயிரணுக்களில் சில தனியே பிரிந்துவிடுகின்றன. மற்றவை தசையாகவும் எலும்பாகவும் மாற, இவை மட்டும் வருங்காலச் சந்ததிக்கென்று ஒதுங்கி நிற்கின்றன. இவற்றைப் பீஜ அணுக்கள் என்போம். பிறந்த இடத்தில் இவை தங்குவதில்லை. உடல் தரும் இரசாயனக் குறிப்புக்களைப் பின்பற்றி ஊர்ந்து சென்று, பீஜகோசம் உண்டாகும் இடத்தை அடைகின்றன.

டோக்கியோவில் கோரோ யோஷிஸாகியும் அவருடைய சகாக்களும் இந்த இயல்பையே பயன்படுத்திக் கொண்டார்கள். வானவில் டிரௌட் என்னும் மீனின் பீஜ அணுக்களை எடுத்து, அதன் உறவினமாகிய மாஸு ஸால்மன் குஞ்சுகளின் வயிற்றறைக்குள் நுண்ணிய கண்ணாடி ஊசியால் செலுத்தினார்கள். குஞ்சுகளிடம் அந்நிய அணுக்களை எதிர்க்கும் சக்தி இன்னும் முதிரவில்லை. ஆகவே வந்த அணுக்கள் தாமே வழி கண்டு சென்று குடியேறின. வளர்ந்த ஆண் ஸால்மன்கள் சில டிரௌட்டின் விந்தையும் தந்தன. அதனை டிரௌட் முட்டைகளோடு சேர்க்கவே டிரௌட் குஞ்சுகள் பிறந்தன. இது 2004ஆம் ஆண்டுச் செய்தி.

2007இல் மலட்டு ஸால்மன்களைக் கொண்டு பரீட்சை நடந்தது. ஆண் டிரௌட்டின் அணுக்களே இரு பாலுக்கும் இடப்பட்டன. ஆண் உடலில் அவை விந்தாயின. பெண் உடலிலோ முட்டைகளாயின! பெற்றோர் இருவரும் ஸால்மன். பிறந்தவையோ யாவும் டிரௌட். இன்ன ஜாதி என்பதை அணு மறக்கவில்லை. விந்தாவதா, முட்டையாவதா என்பதைக் குடியிருந்த உடல் தீர்மானித்தது.

இதனால் பயன் யாது? மஞ்சட்கரு நிறைந்த பெரிய மீன் முட்டைகளைக் குளிரில் உறையவைத்துக் காப்பது இயலாதிருக்கிறது. ஆனால் உறையவைத்த டிரௌட் பீஜகோசத்தின் அணுக்களிலிருந்தே, மாற்றுப் பெற்றோர் மூலம், விந்தும் முட்டையும் பெறலாம் என்று 2013இல் இதே குழுவினர் காட்டினார்கள். அழியும் நிலையிலுள்ள மீனினத்தின் வித்தை இவ்வாறு சேமித்து வைக்க இயலும்.

எனினும், மாற்றுப் பெற்றோராவதற்கு நெருங்கிய உறவினம் ஒன்று உயிரோடிருக்க வேண்டும். பிறந்த குஞ்சு நீந்தத் தூய நீரும் வேண்டும். மீனுக்கு மாற்றுத் தாயைத் தேடித் தரலாம். கெட்டுப்போன ஆற்றுக்கு மாற்று ஆறு கிடையாது. அதைக் காப்பது நம்முடைய பொறுப்பேயாகும்.