பின்பக்கத்தை வெறுமையாக விடாதீர்!

2008இல் அக்கராயனை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல, வீட்டோடு அல்பங்களையும் இழந்தன. அத்தகையோருக்கு வெளிநாட்டு உறவினர் காத்துவைத்த நினைவஞ்சலி அட்டையே மூதாதையின் முகத்துக்குச் சான்றாகலாம். ஆனால், இன்று நாம் அந்தியேட்டிக்கு அச்சிடும் அட்டைகளைப் பாருங்கள்! முன்பக்கம் படமும் இரண்டு திகதிகளும். பின்பக்கம் வெறுமை, அல்லது எவருக்கும் பொருந்தும் இரவல் கண்ணீர்ப்பா.

"வீட்டில் இருபுறமும் அச்சிடுவது கடினம்" என்கிறார்கள். வெறும் சாக்கு! தடித்த தாளைப் பெரும்பாலான வீட்டு அச்சுப்பொறிகள் தாமாகப் புரட்டுவதில்லை என்பது மெய்தான். கை எதற்கு இருக்கிறது? ஒரு பக்கத்தை அச்சிட்டு, மை காய்ந்தபின் தாளைப் புரட்டி மறுபக்கத்தை அச்சிடலாம். முதலில் சாதாரணத் தாளில் ஒத்திகை பார்த்து, வெளிச்சத்தில் பிடியுங்கள்; மறுபக்கம் தலைகீழானதா, ஓரங்கள் விலகினவா என்பது தெரிந்துவிடும். வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே எழுத்தை நிறுத்துங்கள். பாமினியில் அமைத்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஆகவே யூனிகோடில் அமையுங்கள்.

பிறகு பின்பக்கத்தில் எழுதுங்கள்: பிறந்த ஊர், பெற்றோர், செய்த தொழில், இடம்பெயர்ந்து தங்கிய இடங்கள், பிள்ளைகளின் பெயர்கள். ஐந்து வரிகள் போதும்.

மரண அறிவித்தல்களைத் திருத்தியே தலை நரைத்தவன் சொல்கிறேன்: இரவல் கவிதை எவரையும் அடையாளம் காட்டாது, ஊர்ப்பெயர் காட்டும். பேரப்பிள்ளை நாளை அந்த அட்டையைப் புரட்டும்போது, அங்கே வெள்ளைத் தாளா இருக்கவேண்டும்?